மணப்பாட்டுக்கு ஒரு நாள்: கேட்டதும் சொன்னதும்

பாளையங்கோட்டைத் தங்கச்சி: அண்ணாச்சி, மணப்பாடு, உவரி, தேரி மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

தாராளமாக. மணப்பாடு திருச்செந்தூரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டர். விடியுமுன் மணப்பாட்டுக்கு வந்து குன்றில் ஏறிவிடுங்கள். மேலே திருச்சிலுவைக் கோயில், 1581-ல் கட்டியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி, நடுவே ஊர். சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை கீழே இருக்கிறது. அப்புறம் உவரி: கப்பல் மாதா கோயில், சுயம்புலிங்க சுவாமி கோயில். தேரியைச் சாயங்காலத்துக்கு வையுங்கள், மத்தியானம் அந்தச் செம்மணலில் கால் வைக்க முடியாது. குன்றின் அடியில் மட்டும் குளிக்காதீர்கள். பாறையில் மோதித் திரும்பும் அலை ஆளை இழுத்துவிடும்.

நாங்குநேரித் தம்பி: சிலுவைக் கோயிலைக் கட்டியவர் சவேரியார்தானே?

இல்லை. அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542, இறந்தது 1552.

தென்காசி ஐயா: கப்பல் மாதா கோயில் மணப்பாட்டில்தானே?

உவரியில், ஐயா. மேலே சொல்லியிருக்கிறேன்.

அம்பாசமுத்திரம் அக்கா: ராக்கெட் தளத்தைப் பார்க்கலாமா?

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டினார்கள். வழியில் முத்தாரம்மனைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

வள்ளியூர்த் தம்பி: தூத்துக்குடித் தீவுகளில் இறங்கிப் பவளம் பார்க்கலாமா? போன தடவை கரையில் இரண்டு முருகைக்கல், அதாவது பவளக்கல், எடுத்துவந்தேன், அழகாக இருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை இருக்கிற 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. கல்லை எடுத்ததும் தப்பு, தம்பி. 2001-லேயே முருகையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலியும் யானையும் இருக்கிற அட்டவணை அது.

அதே தம்பி: அலை ஒதுக்கிய செத்த கல்தானே அண்ணாச்சி? எங்கள் தாத்தா வீடே முருகைக்கல் வீடு.

உயிருள்ளதா செத்ததா என்று சட்டம் பார்க்காது. தாத்தா காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் வள்ளம் வள்ளமாக வெட்டி எடுத்தார்கள். கடலடியில் முருகை வளர்ந்த திட்டைத்தான் பார் என்கிறோம். அது இருந்தால்தான் அலை அதில் உடைந்து தணிந்து கரைக்கு வரும். பாரை வெட்டியதும் அலை நேரே தீவில் அடித்தது. விலங்குசல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. வான்தீவும் தேய்ந்துகொண்டே வந்ததால் 2015-லிருந்து சிமெண்டில் செயற்கைப் பார் செய்து இறக்கினார்கள். செத்த முருகையின் மேலும் புதுக் குஞ்சு ஒட்டி வளரும், மீன் ஒதுங்கும். பார் போனால் கரைவலைக்காரன் வெறும் வலையைத்தான் இழுப்பான். உங்களுக்கு இரண்டு கல். வருகிற ஆயிரம் பேரும் இரண்டிரண்டு எடுத்தால்?

ஏரல் தங்கச்சி: முருகை எடுக்கக் கூடாது, சரி. சங்கு?

சிலவகைச் சங்குக்கும் தடை உண்டு. வகை தெரியாதவர்கள் எதையும் தொட வேண்டாம். உடன்குடிக் கருப்பட்டி வாங்கிப் போங்கள்.

களக்காட்டுத் தம்பி: குன்றின் அடியில் குளிக்கலாமா?

கூடாது. முதல் பதிலிலேயே சொன்னேன். கால் நனைக்க ஆசையென்றால் வள்ளம் ஏற்றிப் போட்டிருக்கிற பக்கம் போங்கள். கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டுவிட்டு, முழங்கால் அளவோடு திரும்பிவிடுங்கள்.