தடை வந்த பிறகும் கடையில் இருக்கும் மருந்து

கேள்வி: தென்னையில் கருந்தலைப்புழு வந்தால் வேரைச் சீவி மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் கட்டும்படி சொன்னவர்களே, இப்போது அதைத் தொடவே கூடாது என்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக நல்லதாக இருந்த மருந்து திடீரென்று கெட்டதாகிவிட்டதா?
– தென்னை விவசாயி, பொள்ளாச்சி

பதில்: அது அன்றும் இதே நஞ்சுதான். புட்டியின் லேபிளில் ஒரு சாய்சதுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருக்கும்; மேல்பாதியில் மண்டையோட்டுக் குறி இருக்கும். நம் நாட்டு விதிகளின்படி அந்தச் சிவப்பு, மிகக் கடுமையான நஞ்சு என்ற முதல் வகைக்கு உரியது. ஆகவே பதிவு கொடுத்த காலத்திலேயே அதன் கடுமை அரசுக்கும் தெரியும், தயாரித்த நிறுவனங்களுக்கும் தெரியும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சொன்ன அளவில், சொன்ன பயிருக்கு மட்டும் பயன்படுத்தினால் ஆபத்தைக் கட்டுக்குள் வைத்துவிடலாம் என்ற அனுமானத்தின் பேரில்தான் அனுமதி தரப்பட்டது. சித்திரை வெயிலில் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைலியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு வரப்பில் நடந்து மருந்தடிக்கும் கூலியாளை ஒரு நாள் பார்த்தவர் எவரும் அந்த அனுமானத்தை எழுதியிருக்க மாட்டார்.

வேரில் கட்டும் முறையில் காற்றில் பரவும் மருந்து குறைவு என்பது உண்மையே. ஆனால் மரம் முழுவதும் ஊடுருவுவதுதான் இந்த மருந்தின் இயல்பு. கட்டுவதற்கு முன்பே காய்களைப் பறித்துவிட வேண்டும், கட்டிய பின் 45 நாள்களுக்குப் பறிக்கக் கூடாது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதன் காரணமும் இதுவே. இளநீர் வியாபாரி தோப்பு வாசலில் வந்து நிற்கும்போது அந்த 45 நாள் எத்தனை தோப்புகளில் காக்கப்பட்டது என்பதை உங்கள் ஊர்க்காரர்களிடமே விட்டுவிடுகிறேன்.

சுற்றுச்சூழல் பக்கத்துக்கும் கண்ணெதிரே நடந்த சான்று உண்டு. 1995–96 காலத்தில் அர்ஜென்டினாவின் சமவெளிகளில், வெட்டுக்கிளிகளுக்காக இதே மருந்தைத் தெளித்த வயல்களில் இரைதேடிய ஸ்வெயின்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. வட அமெரிக்காவிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வலசை வந்த பறவைகள் அவை. நம் நாட்டில் 2005-இல் காய்கறிகளுக்கு மட்டும் இதற்குத் தடை வந்தது. மருந்துக்கடையில் அது பருத்திக்கென்று விற்கப்பட்டுக்கொண்டே இருந்ததால், கத்தரிக்கும் வெண்டைக்கும் போவதைத் தடுக்க வழியில்லாமல் போயிற்று. ஒரு பயிருக்குக் கூடாது, இன்னொரு பயிருக்குக் கூடும் என்ற அரைத் தடை, ஒரே கொட்டகையில் எல்லா மருந்தையும் வைத்திருக்கும் சிறு விவசாயியிடம் செல்லுபடியாகும் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: தடை என்று செய்தி வந்த பிறகும் அதே மருந்து கடையில் கிடைத்தது எப்படி? முடிவெடுக்க ஏன் இத்தனை ஆண்டுகள்?
– வாசகி, தேனி

பதில்: 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் ஒரு மருந்தைப் பதிவு செய்துவிட்டால், அந்தப் பதிவு தானாகக் காலாவதி ஆவதில்லை. அரசு முனைந்து அதை ரத்து செய்தால்தான் போகும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ அனுமதியே குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான். காலம் முடியும்போது, பாதுகாப்பானது என்பதை நிறுவனம் மறுபடியும் நிரூபித்தாக வேண்டும். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து அங்கே அப்படித்தான் வெளியேறியது. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர்ச்சியை அது பாதிக்கக்கூடும் என்ற கவலையினால், இந்த அளவுவரை பாதுகாப்பு என்று எந்த அளவையும் வரையறுக்க முடியாது என அவர்களது உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2019-இல் சொல்ல, 2020 ஜனவரியில் அனுமதி புதுப்பிக்கப்படாமல் போயிற்று.

இங்கே 2013-இல் விஞ்ஞானி அனுபம் வர்மா தலைமையில் அமைந்த குழு 66 மருந்துகளை ஆராய்ந்தது. அதன் பேரில் 2018 ஆகஸ்டில் 18 மருந்துகளுக்குத் தடை ஆணை வந்தது. அவற்றில் 12-க்கு உடனடித் தடை. போரேட், டைகுளோர்வாஸ், டிரையசோபாஸ் உள்ளிட்ட ஆறுக்கு 2020 டிசம்பர் 31 வரை தவணை. 2020 மே மாதம் மேலும் 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவாணை வெளியானது. நிறுவனங்கள் ஆட்சேபம் தெரிவித்தன, மறு ஆய்வுகள் நடந்தன. 2023-இல் இறுதி ஆணை வந்தபோது டைகோபால், டினோகேப், மெத்தோமில் ஆகிய மூன்றும் மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதக் கரைசலும் மட்டுமே தடைக்குள் வந்தன. வேறு சில மருந்துகளுக்குச் சில பயிர்களில் மட்டும் தடை வந்தது. கையிருப்பில் இருந்த மோனோகுரோட்டோபாஸைக் காலாவதித் தேதிவரை விற்றுக்கொள்ளலாம் என்பதும் ஏற்பாட்டில் இருந்தது. நீங்கள் கடையில் பார்த்தது அந்தச் சரக்காக இருந்திருக்கலாம். சரக்கு வைத்திருப்பவருக்குக் காட்டிய இந்தச் சலுகையில், தெளிப்பவரின் உடல்நலம் கணக்கில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: மாநில அரசே நிரந்தரமாகத் தடை செய்ய முடியாதா?
– வாசகர், திருவாரூர்

பதில்: முடியாது. அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி மாநில அரசு 60 நாள் வரை தடுக்கலாம். விசாரணை முடியாவிட்டால் மொத்தத்தில் இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். பதிவை ரத்து செய்யும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு விதித்த தடை 60 நாள் தடையாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: இப்படி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் விளைச்சல் என்ன ஆகும்?
– வாசகர், மதுரை

பதில்: இலங்கை இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அங்கே 1995-இல் மோனோகுரோட்டோபாஸும் மெத்தமிடோபாஸும், 1998-இல் எண்டோசல்பானும், பின்னர் பாராகுவாட் உள்ளிட்ட வேறு சிலவும் விலக்கப்பட்டன. இருபது ஆண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. குடித்தால் உயிரைப் பறிக்கும் மருந்துகளை விலக்கியது அதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த விலக்கலால் நெல் முதலியவற்றின் மகசூல் சரிந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை. அதே நாடு 2015-இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை மாற்று வழி சொல்லாமல் நிறுத்தி, தேயிலைத் தோட்டங்களின் நெருக்கடியால் 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மறுபடி அனுமதித்தது. எனவே எதை விலக்குகிறோம், அதன் இடத்தில் எதைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கருந்தலைப்புழுவுக்குப் பிரக்கான், பெத்திலிட் ஒட்டுண்ணிகள், அதாவது புழுவைத் தாக்கி அழிக்கும் சிறு குளவிகள், உண்டு. புழு தலைகாட்டும்போதே விட்டால் பலன் தரும், ஓலை காய்ந்தபின் விட்டுப் பயனில்லை.

கேள்வி: வீட்டில் பாதிப் புட்டி மிச்சமிருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள், பக்கத்து வயலுக்கும் கொடுக்காதீர்கள். முக்கியமாக, வேறு புட்டிக்கோ டப்பாவுக்கோ மாற்றாதீர்கள். 2013-இல் பீகாரின் சரண் மாவட்டத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகளைப் பலிகொண்டது, மோனோகுரோட்டோபாஸ் கலந்த சமையல் எண்ணெய். லேபிள் கிழியாத அதே புட்டியில், மூடியை இறுக்கி, பூட்டிய இடத்தில் குழந்தைகளுக்கு எட்டாதபடி வைத்துவிட்டு, உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.