மயில் வளர்த்தவரின் கடிதங்கள்

அன்புள்ள ஐயா,

உங்கள் உரை ஒன்றைக் கேட்டபின் அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானரைத் தேடிப் படித்தேன். கதைகளில் இரண்டைத் தாண்ட முடியவில்லை. ஒரு குடும்பத்தையே காட்டுக்குள் கூட்டிப்போய்ச் சுட்டுக் கொல்கிறார்கள். எதற்காக இதைப் படிக்கிறேன் என்று ஆகிவிட்டது. ஆனால் அவருடைய கடிதத் தொகுப்பை எடுத்தபோது கீழே வைக்க மனம் வரவில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோயோடு போராடி 39 வயதில் இறந்திருக்கிறார். பாவம், பல இடங்களில் அழுதுவிட்டேன். அந்த நோயின் வலியைத்தான் கதைகளில் வன்முறையாக மாற்றினார் என்று நினைக்கிறேன். கடிதங்களை முதலில் முடித்துவிட்டு அப்புறம் கதைகளுக்குப் போகலாமா? கத்தோலிக்க நம்பிக்கை இல்லாத எனக்கு அவர் எட்டுவாரா? கறுப்பின மக்களைப் பற்றிக் கடிதங்களில் அவர் எழுதியதை அறிந்தபின்னும் அவரை நேசிப்பது சரிதானா?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

அந்தத் தொகுப்பு கொஞ்ச நாளாக என் மேஜையில்தான் கிடக்கிறது. தூக்கம் வராத இரவுகளில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவும் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கக் கேள்வியை விட்டுவிடுவோம். கம்பனைப் படிக்க நாமம் போட்டுக்கொண்டா உட்கார்ந்தீர்கள்?

கோபம், வலியை வன்முறையாக மாற்றினார் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அதன் மேல்தான். எழுத்தாளருக்கு நோய் என்று தெரிந்தால் போதும், எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டதாக நமக்கு ஒரு நிம்மதி வருகிறது. கதை புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆள் புரிந்துவிட்டார்! ஓ'கானர் இருந்திருந்தால் இதற்கு என்ன பதில் போட்டிருப்பார் என்று ஊகிக்க வேண்டியதே இல்லை. நீங்கள் சொல்லும் அதே கதையைப் பற்றி 1961இல் ஓர் ஆங்கிலப் பேராசிரியர் அவருக்குக் கடிதம் எழுதினார். மூன்று பேராசிரியர்களும் தொண்ணூறு மாணவர்களும் கூடி விவாதித்து, கொலைகாரன் வருவது முதலான பின்பாதி முழுவதும் பெய்லி என்ற அந்தக் குடும்பத் தலைவனின் கற்பனை என்று முடிவுகட்டியிருந்தார்கள். அவர் பதிலைப் படித்துப்பாருங்கள். நான் நினைத்ததிலிருந்து ஒரு விளக்கம் இதைவிட விலகிப்போக முடியாது என்கிறார். கதையின் மேல் உணர்வு இல்லாத இடத்தைக் கோட்பாட்டால் நிரப்ப முடியாது என்கிறார். முடிக்கும்போது, என் தொனி உங்களைப் புண்படுத்துவதற்காக அல்ல, நான் அதிர்ச்சியில் இருக்கிறேன், அவ்வளவுதான் என்கிறார்.

இன்னொரு கடிதத்தில், ஒரு கல்லூரியில் அதே கதையை வாசித்த அனுபவத்தைச் சொல்கிறார். கொலைகாரனின் தொப்பி ஏன் கறுப்பு என்று ஓர் இளம் ஆசிரியர் கேட்கிறார். ஜார்ஜியா கிராமத்து ஆட்கள் பெரும்பாலும் கறுப்புத் தொப்பிதான் போடுவார்கள். அவருக்கு ஏமாற்றம். அவன் கிறிஸ்துவின் குறியீடுதானே? இல்லை. சரி, அப்படியானால் அந்தத் தொப்பிக்கு என்னதான் அர்த்தம்? தலையை மூடிக்கொள்ள. அதோடு ஆசிரியர் விட்டுவிட்டாராம். நீங்கள் தொப்பியை விட்டுவிட்டு லூபஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

'கிங் ஆஃப் தி பேர்ட்ஸ்' என்ற கட்டுரையைப் படித்தீர்களா? 'மிஸ்டரி அண்ட் மேனர்ஸ்' தொகுப்பின் முதல் கட்டுரை அதுதான். ஐந்து வயதில் அவரிடம் ஒரு கோழி இருந்தது. முன்னாலும் நடக்கும், பின்னாலும் நடக்கும். பாத்தே செய்திப்படக்காரர் ஒருவர் அதைப் படம்பிடிக்க வந்தார். அதன்பிறகு அந்தச் சிறுமிக்குச் சாதாரணக் கோழிகளே பிடிக்காமல் போயின. ஒரு கண் பச்சையும் மறுகண் ஆரஞ்சுமாக இருக்கும் கோழி வேண்டும், கழுத்து அளவுக்கு மீறி நீண்ட கோழி வேண்டும், மூன்று கால் இருந்தால் இன்னும் நல்லது என்று தேடினார். பள்ளியில் தையல் வகுப்பு வந்தபோது ஒரு சேவலுக்கு லேஸ் காலர் வைத்து, முதுகில் இரண்டு பொத்தானோடு வெள்ளைக் கோட்டு தைத்தார். இதெல்லாம் அவர் ஆரோக்கியமாக ஓடியாடிய காலம். அவருடைய அப்பா அதே லூபஸில் இறந்தது 1941இல். கோழியைப் படம்பிடித்ததற்குப் பல ஆண்டுகள் கழித்து. ஓ'கானர் நோயில் விழுந்தது 1950 டிசம்பரில். கோணலாக இருப்பதை உற்றுப் பார்க்கும் கண்ணை நோய் கொடுக்கவில்லை, ர. அது முதலிலேயே இருந்தது.

நோய்க்குப் பிறகு ஜார்ஜியா மாநிலத்தின் மில்லெட்ஜ்வில்லில் அம்மா ரெஜினா நடத்திய ஆண்டலூசியா பால்பண்ணைக்குத் திரும்பினார். அங்கே அவர் செய்த முக்கியமான காரியங்களில் ஒன்று ஃப்ளோரிடாவிலிருந்து மயில்களை வரவழைத்தது. ஒரு சேவல், ஒரு பெட்டை, நான்கு குஞ்சுகள். அவை பெருகி ஏறக்குறைய நாற்பது ஆயின. மயில் நம் ஊர்ப் பறவை. நமக்கு முருகன், கோலம், ஆறுபடை எல்லாம் ஞாபகம் வரும். (தாராபுரம் பக்கம் மயில் இறங்கிய காட்டைப் பார்த்த விவசாயிக்கு வேறு ஞாபகம் வரும்.) ஓ'கானரும் மயிலின் அழகை மட்டும் எழுதவில்லை. அம்மாவின் ரோஜாக்களை அவை தின்றதை, அத்தி மரத்தைக் காலி செய்ததை, இரவெல்லாம் கத்தியதை எழுதுகிறார். தொலைபேசி இணைப்பைச் சரிசெய்ய வந்த ஆள் ஒருவர் மயில் தோகை விரிப்பதைப் பார்க்கவென்றே காத்திருக்கிறார். மயிலும் ஒருவழியாக விரிக்கிறது. எப்படி இருந்தது என்று கேட்டால், இவ்வளவு நீளமான அசிங்கமான காலை நான் பார்த்ததேயில்லை, இந்தப் பயல் பேருந்தையே முந்திவிடுவான் என்கிறார் அந்த ஆள். அவரைப் பார்த்து ஓ'கானர் ஒரு வார்த்தையும் இளக்காரமாக எழுதவில்லை. அந்தக் கால்களும் அங்கேதானே இருந்தன.

சரி, நோயைப் பற்றி அவர் எழுதவே இல்லையா? எழுதினார். அவரை உயிரோடு வைத்திருந்த ஏசிடிஎச் மருந்து பன்றிகளின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்தது. சிகாகோவில் தினமும் வெட்டப்படும் ஆயிரக்கணக்கான பன்றிகளின் புண்ணியத்தில் இருக்கிறேன் என்று நண்பர்களுக்கு எழுதினார். ஊன்றுகோல் வந்தபோது, இனி நான் முட்டுச்சுவர் வைத்த கட்டடம் என்று எழுதினார். அட்லாண்டாவில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த பெட்டி ஹெஸ்டருக்கு எழுதிய கடிதம் அது. 1979இல் சாலி ஃபிட்ஸ்ஜெரால்ட் தொகுத்து வெளியிட்ட அந்தக் கடிதப் புத்தகத்தில் ஹெஸ்டரின் பெயர் வெறும் 'ஏ'. முன்பின் தெரியாத வாசகியாகக் கடிதம் போட்டு, கடைசிவரை தோழியாக இருந்தவர். 1956இல் அவருக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில், நோய் என்பது ஓர் இடம், அங்கே யாரும் கூட வர முடியாது என்கிறார். ஐரோப்பாவை நெடுநாள் சுற்றிப்பார்ப்பதைவிட அங்கே கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது என்றும் சேர்க்கிறார். உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். நீங்கள் அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறீர்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்றால், என் சித்திதான் காரணம். கோபிசெட்டிபாளையத்தில் இருந்தார். சிறுநீரகம் பழுதாகி, வாரம் தவறாமல் கோவைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார். எனக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதுவார். உள்ளே இடம் தீர்ந்து, ஒட்டும் மடிப்பிலும் பொடி எழுத்தில் ஓடும். பக்கத்து வீட்டுக்காரி குவியலாக வாங்கிய படி அரிசியைத் தலைதட்டித் திருப்பிக் கொடுத்தது, தையல்காரர் ரவிக்கைக் கையைப் பலூனாக்கியது, எருமை கன்று போட்ட இரவில் சித்தப்பா பயந்து மாமியாரை எழுப்பியது. ஆஸ்பத்திரியைப் பற்றி வந்தால்கூட, பக்கத்துக் கட்டில்காரர் நர்ஸிடம் ஊறுகாய் கேட்டு வாங்கிய திட்டுதான் வரும். அவர் போனபின் ஒரு விசேஷ வீட்டில் அந்தக் கடிதங்களை எடுத்துப் படித்தார்கள். "இவ்வளவு வலியிலயும் எப்படிச் சிரிச்சிருக்கா பாரு" என்று ஆளாளுக்கு மூக்கைச் சிந்தினார்கள். எனக்குத் தாங்கவில்லை. சித்தி வலியை மறைக்க எருமையை எழுதவில்லை. எருமையைப் பார்த்தார், எருமையை எழுதினார். அந்த எருமையை, அந்தத் தலைதட்டிய படியை ஒருத்தராவது ரசித்துச் சிரித்திருக்கலாம். பரிதாபப்படுகிறவர்கள் பெரும்பாலும் காதில் வாங்குவதே இல்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கடிதங்களில் இருப்பதை மழுப்ப வேண்டியதில்லை. 1959இல், கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினை நியூயார்க்கில் என்றால் சந்திப்பேன், ஜார்ஜியாவில் முடியாது, நான் எந்தச் சமூகத்தை உண்டு வாழ்கிறேனோ அதன் வழக்கத்தை மீறமாட்டேன் என்று தன் தோழி மேரியட் லீக்கு எழுதினார். இழிவான சொற்களும் நகைச்சுவை என்ற பெயரில் வேறு கடிதங்களில் உண்டு. 2020இல் மேரிலாந்தின் லயோலா பல்கலைக்கழகம் ஒரு மாணவர் விடுதியிலிருந்து அவர் பெயரை எடுத்தது. விடுதிக்கு யார் பெயர் வைப்பது என்பது அங்கே குடியிருக்கும் பிள்ளைகளின் விவகாரம், எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் பேருந்தில் ஏறும் வெள்ளைக்காரச் சீமாட்டியின் மேட்டிமையைக் கதையில் உரித்து வைத்தவரும் அவர்தான். வீட்டில் அம்மாவோடு காப்பி குடிக்கும்போது அவரிடம் அந்தத் துணிச்சல் இல்லை. இரண்டையும் படியுங்கள். நேசிப்பதற்கு என்னிடம் அனுமதி கேட்காதீர்கள், நான் கொடுக்கிற ஆள் இல்லை.

அவருடைய கடைசிக் கடிதம் 1964 ஜூலை 28ஆம் தேதி எழுதியது. ஆகஸ்ட் 3இல் இறந்துவிட்டார். அந்தக் கடிதமும் மேரியட் லீக்குத்தான். யாரோ பெயர் சொல்லாமல் தொலைபேசியில் லீயை மிரட்டியிருக்கிறார்கள். போலீஸுக்குச் சொல், கோழைகள் வெளிப்படையானவர்களைவிடக் கொடியவர்களாக இருக்க முடியும் என்று அவரை எச்சரிக்கிறார். தன்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: உடம்பு முடியாததால் கதைகளைத் தட்டச்சு செய்ய முடியவில்லை, எப்போது அனுப்புவேன் என்று தெரியவில்லை.

கவலை கதைகளைப் பற்றி. நீங்கள் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. கடிதத் தொகுப்பை மூடி வையுங்கள். பாதியில் விட்ட இரண்டு கதைகளில் அந்தக் குடும்பக் கதையையே மறுபடி எடுங்கள். அதில் பாட்டி பூனையை ஒரு கூடைக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு காரில் ஏறுகிறாள், மகனுக்குத் தெரியாது. அந்தப் பூனையிலிருந்து தொடங்குங்கள். சிரிப்பு வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், திட்டுகிறேன்.

அன்புடன்