வாசகர் கேள்விகள்: டிசம்பர் படமும் டிவிடி பெட்டியும்

கேள்வி: லண்டனில் நர்சாக இருக்கும் என் தங்கை, கிறிஸ்துமஸுக்கு 'தி ஹாலிடே' படத்தின் டிவிடியை ஆசையாக அனுப்பினாள். எங்கள் பிளேயரில் போட்டால் ரீஜன் தப்பு என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. போலி சிடியா சார்?
- ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: அசல்தான் அம்மா, அதனால்தான் இந்தத் தொல்லை. போலி சிடி எந்த மெஷினிலும் ஓடும். அசல் டிவிடிக்கு உலகத்தைக் கூறு போட்டு நம்பர் கொடுத்து வைத்திருக்கிறார்கள்: அமெரிக்கா 1, பிரிட்டன் 2, நாம் 5. ஒரு ஊரில் டிவிடி வந்த பிறகுதான் இன்னொரு ஊரில் படம் தியேட்டருக்கே வரும் என்றிருந்த காலத்தில், அந்த வசூல் கெடாமல் இருக்கப் போட்ட பூட்டு இது. பர்மா பஜாரில் வாங்கிய சைனா பிளேயர் யாரிடமாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், அதில் பலதும் எதைப் போட்டாலும் ஓட்டும். உங்கள் பிளேயரிலேயே ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் இந்த நம்பரை மாற்றுவதற்கான மறைந்திருக்கும் மெனு திறக்கலாம், மாடல் நம்பரைப் போட்டு நெட்டில் தேடுங்கள். கம்ப்யூட்டரில் மாற்றுவதானால் மட்டும் ஜாக்கிரதை: டிரைவில் ஐந்து முறைதான் மாற்ற விடும், ஐந்தாவது முறை எந்த நம்பரோ அதோடு பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: அதே படம், அதே லண்டன் டிவிடி என்னிடமும் இருக்கிறது. நெட்டில் போட்டிருக்கும் நேரத்தைவிட ஐந்து நிமிடத்துக்கு மேல் குறைகிறது. முத்தக் காட்சியில் கத்தரி வைத்துவிட்டார்களா?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் கவலை புரிகிறது. முத்தம் பத்திரமாக இருக்கிறது. தியேட்டரில் படம் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். பிரிட்டனிலும் இங்கேயும் டிவிக்கு இருந்த 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் விநாடிக்கு 25. ஒரு ஃபிரேமை எங்கிருந்து கொண்டு வருவது? படத்தையே நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக ஓட்டிவிடுவார்கள். இரண்டே கால் மணி நேரப் படத்தில் அது ஐந்து நிமிடத்துக்கு மேல் வந்துவிடும். குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறியிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: காதலில் அடிபட்ட இரண்டு பெண்கள் வீட்டை மாற்றிக்கொள்கிறார்கள், போன இடத்தில் ஆளுக்கொரு காதல் கிடைக்கிறது. முதல் பத்து நிமிடத்திலேயே முடிவு தெரிந்துவிடும் இந்தப் படத்தை வருஷா வருஷம் பார்க்கிறேன் என்று போன இதழில் எழுதியிருந்தீர்களே, வெட்கமாக இல்லையா?
- ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: இல்லை சார். பொங்கல் எப்படி இருக்கும் என்று தெரிந்தேதானே வருஷா வருஷம் பொங்குகிறோம்?

2006-ல் நான்சி மேயர்ஸ் எடுத்த படம். கேமரூன் டயஸ் இங்கிலாந்துக் குடிசைக்குப் போய், பனியில் குதிகால் செருப்போடு தடுமாறி, ஜூட் லாவைப் பார்க்கும் பாதி அழகாகத்தான் இருக்கும், ஆனால் எனக்குக் கொட்டாவி வரும். (அந்தக் குடிசையே நிஜமில்லை. வெளிப்புறத்தைப் படத்துக்காகக் கட்டினார்கள், உள்ளே நீங்கள் பார்ப்பதெல்லாம் அமெரிக்காவில் போட்ட செட்.) கேட் வின்ஸ்லெட் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகிற பாதிதான் என் பாதி. அங்கே பக்கத்து வீட்டில் ஒரு பழைய சினிமாக் கதாசிரியர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற கிழவர். அவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தீர்களா? ஈலாய் வாலக். 1966-ல் வந்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தில் கல்லறை கல்லறையாகத் தங்கத்தைத் தேடி ஓடிய அதே ஆள், இதில் நடித்தபோது வயது தொண்ணூறு.

அப்புறம் அந்த டிவிடி கடைக் காட்சி. இசையமைப்பாளராக வரும் ஜாக் பிளாக், அடுக்கிலிருந்து ஒவ்வொரு டிவிடியாக எடுத்து அந்தந்தப் படத்தின் இசையை வாயாலேயே போட்டுக் காட்டுவார், கேட் சிரித்துக்கொண்டே நிற்பார். 'தி கிராஜுவேட்' டிவிடியை எடுத்ததும் கடைக்குள்ளேயே டஸ்டின் ஹாஃப்மேன் தலையைத் திருப்புவார். 1967-ல் அந்தப் படத்தின் கதாநாயகனே அவர்தான். நாலு விநாடி, டைட்டிலில் பேர்கூடக் கிடையாது.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இப்படி ஒரு கடை இருந்தது, பெட்டிக்கடை அகலம்தான். ஒரு நாளைக்குப் பத்து ரூபாய், அட்வான்ஸ் நூறு. கடைக்காரர் அண்ணன் அட்டையை நீட்டும்போதே கிளைமாக்ஸைச் சொல்லிவிடுவார், "கடைசில சேர்ந்துடுவாங்கப்பா, தைரியமா எடுத்துட்டுப் போ" என்று. இந்தப் படத்தையும் அவரிடம்தான் எடுத்தேன். இப்போது அங்கே செல்போன் ரீசார்ஜ். ஓடிடியில் படம் இந்த டிசம்பர் இருக்கும், ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த டிசம்பர் காணாமல் போகும். அதனால் சொந்தமாக ஒரு டிவிடி வாங்கி வைத்திருக்கிறேன். அந்தக் கடைக் காட்சி வந்தால் மட்டும் இரண்டு தடவை ஓட்டுவேன்.

கேள்வி: பழைய டிவிடிகளில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை மாதிரி இருக்கிறது, எப்படித் துடைப்பது?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: கடல் காற்று, ஈரம். மெல்லிய பருத்தித் துணியை லேசாக நனைத்து, நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். தோசைக்கல்லைத் துடைக்கிற மாதிரி வட்டமாகத் தேய்க்காதீர்கள். டிஸ்க்கில் படம் சுருள் சுருளாகப் பதிந்திருக்கிறது, குறுக்கே விழும் கீறலை பிளேயர் சமாளித்துவிடும், சுருளோடு போகும் கீறலைச் சமாளிக்காது. பற்பசை போட்டால் புதுசாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள். அவர்கள் டிஸ்க்கில் முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள்.