மகன் திக்குகிறான், வீட்டில் தமிழை நிறுத்தவா?

தங்கச்சி, சிட்னிக்கு வந்து மூன்று மாதம், நாலு வயது மகன் திக்கத் தொடங்கிவிட்டான், இனி வீட்டில் இங்கிலீஷ் மட்டும் கதைக்கவா என்று கேட்டிருந்தீர்கள். தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் திக்கல் வருவதில்லை. எங்கள் மூத்தவனுக்கும் இதே வயதில்தான் வந்தது. டேகேரில் ஒருவர் தமிழை விடச் சொல்ல, பயந்துபோய் ஆறு கிழமை இங்கிலீஷிலேயே கதைத்தேன். திக்கல் குறையவில்லை. அம்மம்மாவோடு போனில் கதைப்பதைத்தான் பிள்ளை விட்டான். அதை நினைத்தால் இப்பவும் நெஞ்சு நோகும்.

இதற்கான நல்ல வழியொன்று இந்த ஊரிலேயே உருவானது: லிட்கம் புரோகிராம். சிட்டியிலிருந்து போகும் ரயிலில் ஓபர்ன் (Auburn) ஸ்டேஷனுக்கு முதல் வரும் அதே லிட்கம்தான். முக்கியமாக ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. ஸ்பீச் பதோலஜிஸ்ட் (பேச்சுச் சிகிச்சையாளர்) கிழமைக்கொருதரம் எங்களுக்குப் பழக்குவார். வீட்டில் செய்வது தாய் தகப்பன், வீட்டு மொழியிலேயே.

தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் படப் புத்தகத்தோடு நிலத்தில் இருப்போம். முதலில் ஒரு சொல்லில் பதில் வரும் கேள்விகள்தான். "இது என்ன?" "யானை." திக்காமல் சொன்னால் பாராட்டு: "ஆ, வழுக்கிக்கொண்டு வந்திட்டுது!" 'ஸ்மூத்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வதென்று நான் முழிக்க, பூங்காவில் சறுக்கி இறங்கும்போது அவனே எடுத்துத் தந்த சொல் அது. திக்கினால் எப்போதாவது, மெல்லிய குரலில், "அது கொஞ்சம் தடக்கினது." அப்படி ஒன்று சொல்வதற்கு முன் குறைந்தது ஐந்து தரமாவது பாராட்டியிருக்க வேண்டும். பின்னேரம் அன்றைய திக்கலுக்கு 0 முதல் 9 வரை ஒரு எண். ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளில் எழுதுவேன். 0 என்றால் திக்கலே இல்லை. எண் இறங்கி 0, 1 என்று நிலைத்த பிறகுதான் சந்திப்புகளை இடைவெளி விட்டு வைத்தார்கள்.

"மெதுவாச் சொல்லு", "மூச்செடுத்துச் சொல்லு" வேண்டாம். நாக்கில் வசம்பும் வேண்டாம். இதை வாசித்துவிட்டு நீங்களாகவும் தொடங்க வேண்டாம். எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை ஸ்பீச் பதோலஜிஸ்ட் பக்கத்திலிருந்து திருத்த வேண்டும். சில பிள்ளைகளுக்குத் தானாகவே மாறும், காத்திருக்கலாமா என்பதையும் அவரே பார்த்துச் சொல்லட்டும். தனியாரிடம் போக டொக்டரின் கடிதம் தேவையில்லை. அரசாங்கத்தின் கம்யூனிட்டி ஹெல்த் நிலையத்திலும் பெயரைக் கொடுத்து வையுங்கள், அங்கே வரிசை நீளம்.

முதல் நாள் போகும்போது மகன் வீட்டில் கதைப்பதைப் போனில் பதிந்துகொண்டு போங்கள். எங்களுடையவன் அன்றைக்கு அங்கே ஒரு சொல்லும் திக்கவில்லை.