நாமக்கல் பட்டறையும் ரோல்ஸ்ராய்ஸும்

வணக்கம் சார்,

பழைய கார்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் ஒரு படத்தின் கீழே ‘ரோல்ஸ்ராய்ஸ், பார்க்கர், லண்டன்’ என்று போட்டிருந்தீர்கள். பார்க்கர் யார், காரின் சொந்தக்காரரா? இன்னொரு சந்தேகம். முதலாளி கண்ணாடிக் கூண்டுக்குள் சுகமாக இருக்கிறார். டிரைவர் தலைக்கு மேல் கூரையே இல்லை. அவ்வளவு செலவு செய்தவர்கள் இன்னும் நாலடி நீட்டியிருக்கக் கூடாதா?

ர., நாமக்கல்

அன்புள்ள ர.,

நாமக்கல்காரர் கேட்கிற கேள்வியா இது! ஓசூர் லாரி கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸை, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் ஓட்டி வருகிற ஆட்களை நீங்கள் பார்க்காமலா இருப்பீர்கள்? கம்பெனி தருவது இன்ஜினும் சட்டமும் சக்கரமும். பாடி கட்டுவது உங்கள் ஊரில், இல்லையென்றால் திருச்செங்கோட்டில். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இங்கிலாந்தில் ரோல்ஸ்ராய்ஸ் விற்றதும் இப்படித்தான், வெறும் சேஸிஸாக.

பார்க்கர் என்பது லண்டனில் பாடி கட்டிய கம்பெனி. 1710-ல் தொடங்கியது, குதிரை பூட்டும் சாரட்டு செய்துகொண்டிருந்தவர்கள். குதிரை போய் மோட்டார் வந்தபோது தொழில் மாறவில்லை. ஆஷ் மரத்தில் கூடு, அதன்மேல் கையாலேயே தட்டி வளைத்த அலுமினியத் தகடு. பெயிண்டும் வார்னிஷும் ஒரு கோட் அடித்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி அடிப்பார்கள். இதற்கே வாரக்கணக்கில் ஆகும். சில பணக்காரர்கள் ஒரே சேஸிஸுக்கு இரண்டு பாடி கட்டி வைத்துக்கொண்டார்கள்: கோடைக்குத் திறந்தது, குளிருக்கு மூடியது. பருவம் மாறும்போது ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்ட வேண்டியதுதான்.

வாங்குகிறவர் என்ன கேட்டாலும் செய்துகொடுத்த காலம் அது. 1932-ல் பிரான்சில் அர்மான் எஸ்டெர்ஸ் என்பவர் ஒரு புகாட்டி ராயல் வாங்கினார். மொத்தமே 6 கார்கள்தான் செய்தார்கள், இன்ஜின் 12.7 லிட்டர். இரவில் ஓட்டப்போவதில்லை, ஹெட்லைட் வேண்டாம் என்றார் எஸ்டெர்ஸ். கம்பெனி முதலாளியின் மகன் ழான் புகாட்டி அப்படியே, முன்னால் விளக்கில்லாமல், நீள மூக்கோடு ஒரு திறந்த பாடியை வடிவமைத்துக் கொடுத்தார். எஸ்டெர்ஸ் என்ன வியாபாரம் செய்தார் தெரியுமா? ரெடிமேட் துணி! ஊருக்கு ரெடிமேட், தனக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தது. அந்த பாடியும் நிலைக்கவில்லை. பின்னால் அதை இறக்கிவிட்டு அதே சேஸிஸில் வேறு பாடி ஏற்றினார்கள்.

இனி உங்கள் டிரைவர். சாரட்டில் வண்டிக்காரன் வெளியே உட்கார்ந்தான். காரிலும் அதே இடம். படத்தைப் பெரிதாக்கி சீட்டுகளைப் பாருங்கள். முன்சீட்டு தோல், பின்சீட்டு மெத்தென்ற கம்பளித் துணி. மழையில் நனைந்தாலும் துடைத்துவிடலாம் என்பதால் தோல் டிரைவருக்கு. இன்று அதே லெதர் சீட்டுக்கு ஷோரூமில் கூடுதல் பணம் கேட்கிறார்கள். நடுவே கண்ணாடித் தடுப்பு. உள்ளேயிருந்து ‘இடது பக்கம் திரும்பு’ என்று சொல்ல ஒரு பேச்சுக்குழாய். மழைக்கு இழுத்து மாட்டும் கூரை சில கார்களில் இருந்தது. ஆகவே நாலடி கூரைக்குக் காசில்லாமல் இல்லை. சீருடை போட்ட ஆளை வேலைக்கு வைத்திருப்பது தெருவுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

இரும்புத் தகட்டைப் பிரஸ்ஸில் அடித்து ஆயிரக்கணக்கில் பாடி செய்ய ஆரம்பித்ததும் இந்தத் தொழில் படுத்துவிட்டது. பார்க்கரை 1938-ல் ஹூப்பர் என்ற இன்னொரு பழைய கம்பெனி வாங்கியது. அந்த ஹூப்பரும் 1959-ல் பாடி கட்டுவதை நிறுத்திவிட்டது. முதலாளிகள் போன பிறகு எத்தனையோ நல்ல சேஸிஸ்கள் பிண ஊர்தி பாடியோடு ஓடியிருக்கின்றன.

படத்தின் கீழே ‘பாடி: பார்க்கர்’ என்றல்லவா நான் போட்டிருக்க வேண்டும். திருத்திவிட்டேன்.