திறந்த உரிமக் கதையை அச்சிட்டு விற்றேன், ஓவியர் இழப்பீடு கேட்கிறார்

கேள்வி: ஐயா, நாங்கள் பல வருடங்களாக நைரோபியில் இருக்கிறோம். சனிக்கிழமைகளில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் தளத்திலிருந்து எட்டுக் கதைகளை இறக்கி, தமிழில் மொழிபெயர்த்து, கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் தீட்டி, ஒரே புத்தகமாக 500 படிகள் அச்சடித்தேன். ஒரு படிக்கு 180 ஷில்லிங் செலவு, 300க்கு விற்கிறேன். மிஞ்சுவது வகுப்பு வாடகைக்குப் போகிறது. தெரிந்தவரின் மளிகைக் கடையிலும் விற்பனைக்கு வைத்திருக்கிறேன். இம்மாதம் 3ஆம் தேதி ஒரு கதையின் ஓவியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தன் படங்கள் வணிகத்துக்கானவை அல்ல, விற்பனையை நிறுத்தி இழப்பீடு தர வேண்டும் என்கிறார். இலவசம் என்று போட்டிருந்ததால்தானே எடுத்தேன்? அட்டையில் ‘அனைத்து உரிமைகளும் மொழிபெயர்ப்பாளருக்கே’ என்று போட்டிருப்பதும் தவறா? என்னோடு வேலை செய்யும் கம்பா இனத் தோழியின் பாட்டி சொன்ன கதை ஒன்றையும் போனில் பதிவு செய்திருக்கிறேன். அதை ஒலிப்பதிவோடு நானும் திறந்த உரிமத்தில் வெளியிடலாமா? கோவையில் இருக்கும் என் தங்கை, புத்தகத்தை அங்கேயும் அச்சடிக்கட்டுமா என்று கேட்கிறாள்.
- வாசகி, நைரோபி

பதில்: ஓவியருக்குப் பதில் எழுதும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கதைகளை இறக்கிய அன்று உங்கள் கணினியில் சேர்ந்த மூலக் கோப்புகளைத் தேடி எடுங்கள். ஒவ்வொரு கதையையும் யார் எழுதியது, யார் வரைந்தது, எந்த உரிமத்தில் வெளியானது என்ற விவரம் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஓவியருக்கும் உங்களுக்கும் உள்ள தகராறு முழுவதும் அந்த ஒரு பக்கத்தை வைத்தே தீரும். அந்தக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள், இன்னொரு இடத்திலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மொழியில் படிக்கப் புத்தகமே கிடைக்காத ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்காக, ஜோகன்னஸ்பர்கில் உள்ள தொலைதூரக் கல்வி நிறுவனம் ஒன்று 2014இல் தொடங்கிய தளம்தான் ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக். கென்யா, உகாண்டா, லெசோதோ, தென்னாப்பிரிக்கா என்று பல நாட்டு ஆசிரியர்களும் நூலகர்களும் அதில் எழுதினார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் மொழிக்குக் கொண்டுபோகலாம், படத்தை மாற்றலாம், அச்சடிக்கலாம். அதற்காகவே கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தைத் தேர்ந்தார்கள். ஆகவே நீங்கள் மொழிபெயர்த்ததும் அச்சடித்ததும் அந்தத் தளத்தின் நோக்கத்தோடு ஒத்துப்போகிறவைதான். அதில் உங்கள் மனம் உறுத்த வேண்டியதில்லை.

ஆனால் ‘இலவசம்’ என்று நீங்கள் புரிந்துகொண்டதில்தான் சிக்கல். திறந்த உரிமத்தில் பதிப்புரிமை கைமாறுவதில்லை. உரிமையாளர் தன் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே, சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் அனுமதி தருகிறார். நிபந்தனையை மீறினால் அனுமதி போய்விடும். பிறகு கென்யாவின் 2001ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்தான் பேசும். அனுமதியில்லாமல் படியெடுத்து விற்ற எவருக்கும் என்ன பொறுப்போ அதுவே உங்களுக்கும். நீதிமன்றம் விற்பனைக்குத் தடை விதிக்கலாம், நஷ்டஈடோ நியாயமான ராயல்டியோ கட்டச் சொல்லலாம்.

அந்தத் தளத்தில் பல கதைகள் சிசி பிஒய் (CC BY) என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. படைத்தவர் பெயரைச் சொன்னால் போதும், விற்கவும் செய்யலாம். சில கதைகள் சிசி பிஒய்-என்சி (CC BY-NC). பெயரையும் சொல்ல வேண்டும், வணிகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. உங்கள் கோப்பில் வெறும் பிஒய் என்று இருந்து, புத்தகத்தில் அவர் பெயரையும் போட்டிருந்தால் ஓவியரின் கோரிக்கை நிற்காது. அவர் பின்னாளில் மனம் மாறித் தளத்தில் என்சி என்று மாற்றியிருந்தாலும், நீங்கள் எடுத்தபோது கிடைத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. கோப்பின் அந்தப் பக்கத்தை இணைத்து மரியாதையாக ஒரு பதில் அனுப்பினால் போதும்.

பிஒய்-என்சி என்று இருந்தால்? மிஞ்சிய பணம் வகுப்பு வாடகைக்குத்தான் போகிறது என்பதை நான் நம்புகிறேன். ஆனால் பணம் எங்கே போகிறது என்று உரிமம் கேட்பதில்லை. அந்தப் பயன்பாட்டின் முதன்மை நோக்கம் வணிக ஆதாயமா, பண வரவா என்றுதான் பார்க்கிறது. வகுப்பில் அச்சுச் செலவுக்கு மட்டும் வாங்கியிருந்தால் வாதாட இடமிருந்திருக்கும். 180 ஷில்லிங் புத்தகத்தை மளிகைக் கடையில் 300க்கு வைத்த பிறகு, அது வணிகம் இல்லை என்று உங்களுக்காக வாதாட நான் தயங்குவேன். உங்கள் அச்சகக்காரரைப் பற்றிக் கவலை வேண்டாம். பள்ளி மாவட்டங்கள் கேட்டபடி என்சி உரிமப் பாடநூலைக் கட்டணத்துக்கு நகலெடுத்துக் கொடுத்த கடை நிபந்தனையை மீறவில்லை என்று 2018இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அது கென்ய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டப் பயன்படும்.

இங்கேதான் உரிமத்தின் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். 2013இல் வந்த 4.0 பதிப்பாக இருந்தால் உங்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. மீறியது தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால், இழந்த அனுமதி தானாகவே திரும்பிவிடும். நடந்துபோன விற்பனைக்கான பொறுப்பு அதனால் மறையாது, ஆனால் மேற்கொண்டு அந்தப் படங்களைப் பயன்படுத்தும் உரிமை மீளும். 3.0 பதிப்பில் இந்தச் சலுகை கிடையாது. ஓவியரே வெளிப்படையாக மறுபடி அனுமதித்தால்தான் உண்டு. எந்தப் பதிப்பானாலும் 3ஆம் தேதியிலிருந்து நாளை எண்ணுங்கள். கடையிலுள்ள படிகளை இன்றே எடுத்துவிடுங்கள், வகுப்பிலும் விற்பனையை நிறுத்துங்கள்.

பிறகு ஓவியருக்கு எழுதுங்கள். உரிமத்துக்கு வெளியே அவரே தனி அனுமதி தரலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். என்சி என்று போட்டிருப்பவர் வணிகத்துக்கே எதிரானவர் என்று நினைக்க வேண்டியதில்லை, விற்பதென்றால் என்னைக் கேளுங்கள் என்கிறார், அவ்வளவுதான். எத்தனை படி அச்சிட்டீர்கள், எத்தனை விற்றது, என்ன விலை என்று உண்மைக் கணக்கைச் சொல்லி, இந்த 500 படிகளுக்கு மட்டும் ஒரு தொகை பேசிக் கையெழுத்து வாங்குங்கள். இழப்பீடு என்ற சொல்லைப் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தப் படம் அவர் உழைப்பு. அதை யாரும் பார்க்கலாம், படிக்கலாம் என்று திறந்து வைத்தவர் அவர். அவர் மறுத்தால், உரிமம் 4.0 ஆக இருந்து 30 நாளுக்குள் எல்லாவற்றையும் சரிசெய்திருந்தால் மட்டும், மிச்சப் படிகளைப் பள்ளி நூலகங்களுக்கு இலவசமாகக் கொடுங்கள். அது என்சிக்கு உட்பட்டதே. மற்ற ஏழு கதைகளும் பிஒய் என்றால் அவற்றைத் தனிப் புத்தகமாக விற்கத் தடையில்லை. ஒரு தொகுப்புக்குள் ஒவ்வொரு கதையும் தன் உரிமத்தோடுதான் இருக்கும். எட்டில் ஒன்று என்சி என்றால் முழுப் புத்தகத்தின் விற்பனையும் மாட்டிக்கொள்கிறது.

விட்டுப்போன கதைக்குப் பதிலாக வேறொன்று வேண்டுமென்றால் கேப் டவுனின் புக் டேஷ் நூல்களைப் பாருங்கள். எழுத்தாளர், ஓவியர், வடிவமைப்பாளர், எடிட்டர் என்று தன்னார்வலர்கள் ஒரே நாளில் கூடி உட்கார்ந்து செய்யும் படப் புத்தகங்கள் அவை. சிசி பிஒய் உரிமத்தில் வருவதால் விற்பதற்கும் அனுமதி உண்டு. என்டி (ND) என்ற எழுத்து கண்ணில் பட்டால் மட்டும் தள்ளியே இருங்கள். என்டி உள்ளதை மாற்றி வெளியிட முடியாது, மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். தென்னாப்பிரிக்காவின் சியாவுலா கணித, அறிவியல் பாடநூல்கள் இரண்டு வடிவில் உண்டு. நிறுவனத்தின் அடையாளம் தாங்கியது பிஒய்-என்டி, அடையாளம் இல்லாதது பிஒய். உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றே, அனுமதி வேறு.

அட்டை வாசகத்தை மாற்றத்தான் வேண்டும். உங்கள் தமிழ் மொழிபெயர்ப்பில் உங்களுக்கு உரிமை உண்டு, அதை யாரும் பறிக்க முடியாது. மூலக் கதைக்கும் படத்துக்கும் சேர்த்து ‘அனைத்து உரிமைகளும்’ என்று போட உங்களுக்கு அதிகாரமில்லை. ஒவ்வொரு கதையின் கீழும் எழுதியவர், வரைந்தவர், மூலத் தலைப்பு, உரிமத்தின் பெயரும் பதிப்பும், இணைய முகவரி, ‘தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது, படங்களுக்கு வண்ணம் சேர்க்கப்பட்டது’ என்ற குறிப்பு எல்லாம் வரட்டும். இருக்கும் படிகளுக்குச் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் அச்சடித்து ஒட்டினாலே போதும். எஸ்ஏ (SA) என்று போட்ட கதை ஏதும் இருந்தால் உங்கள் மொழிபெயர்ப்பையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

பாட்டியின் கதைக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பதிப்புரிமையையும் அதைச் சார்ந்த உரிமைகளையும் மட்டுமே தொடும். உங்களிடம் இல்லாத உரிமையை நீங்கள் பிறருக்குத் தர முடியாது. கம்பா மக்களிடம் தலைமுறை தலைமுறையாக வழங்கும் கதை என்றால், கென்யாவில் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. தங்கள் பண்பாடு பயன்படுத்தப்படும்போது சமூகங்களுக்கு இழப்பீடோ ராயல்டியோ கிடைக்கச் சட்டம் இயற்ற வேண்டும் என்று 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு சொன்னது. அதன் வழியில் 2016இல் பாரம்பரிய அறிவு மற்றும் பண்பாட்டு வெளிப்பாடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாய்மொழிக் கதைகளும் அதில் அடங்கும். உரிமை அந்தச் சமூகத்துடையது. வெளியார் பயன்படுத்த வேண்டுமென்றால் விவரம் முழுதும் சொல்லி முன்கூட்டியே சம்மதம் பெற வேண்டும், எந்தச் சமூகத்தின் கதை என்பதையும் சொல்ல வேண்டும். கானாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், நாட்டார் வழக்கின் உரிமையை மக்கள் சார்பில் குடியரசுத் தலைவரிடமே ஒப்படைத்திருக்கிறது.

இது கெடுபிடியாகத் தோன்றலாம். ஆப்பிரிக்காவின் பாட்டையும் கதையையும் வேற்று நாட்டவர் ‘யாருக்கும் சொந்தமில்லாதது’ என்று எடுத்துக்கொண்டு, தங்கள் பெயரில் பதிந்து சம்பாதித்த வரலாறு நீளமானது. அந்தப் பாதுகாப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். பகிர்வுக்காகப் பாடுபடுகிற நம்மைப் போன்றவர்கள்தான் அதை முதலில் மதிக்க வேண்டும்.

ஒலிப்பதிவு தனி விஷயம். நாட்டார் கதையை நிகழ்த்திக் காட்டுபவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. பாட்டியின் குரலைப் பதியவும் பரப்பவும் அவர் சம்மதம் வேண்டும். போனைப் பார்த்து அவர் சிரித்தார் என்பது சம்மதமாகாது. தோழியோடு நேரில் போய், கதை இணையத்தில் வரும், உலகத்தில் யாரும் கேட்கலாம், ஒருமுறை திறந்துவிட்டால் திரும்பப் பெற முடியாது என்பதைக் கம்பா மக்களின் மொழியான கிகாம்பாவிலேயே விளக்கச் சொல்லுங்கள். இந்தக் கதை அவர் குடும்பத்தில் மட்டும் வழங்குவதா, ஊரெல்லாம் சொல்வதா, சொல்லக் கூடாத பருவமோ சடங்கோ இருக்கிறதா என்று கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னால் அதையும் செய்யுங்கள். சம்மதம் கிடைத்தால் எழுதி, ஒரு படியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அப்போதும் பிஒய்-என்சியை விடத் தாராளமான உரிமம் வேண்டாம் என்பது என் கருத்து. வகுப்பில் வாயால் சொல்லிக்கொள், இணையத்தில் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தங்கை விஷயம் எளிது. இந்த உரிமங்கள் உலகம் முழுக்கச் செல்லும். கென்யாவும் இந்தியாவும் பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கையில் இருப்பதால் படைப்புகளுக்குக் கோவையிலும் பாதுகாப்பு உண்டு, அங்கே 1957ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் பொருந்தும். பிஒய் கதைகளை அதே பெயர்க்குறிப்புகளோடு அவர் அச்சிட்டு விற்கலாம். தகராறில் உள்ள கதையை மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம். ஓவியருக்கு எழுதும் கடிதத்திலேயே இந்தியப் பதிப்புக்கும் சேர்த்து அனுமதி கேட்டுவிடுங்கள்.