ஜெர்ரி ரைஸை எல்லாரும் மிகச்சிறந்த வைட் ரிசீவர் என்று சொல்வது ஏன்?

முதலில் ஒரு எண். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுபவர்தான் வைட் ரிசீவர். அப்படி ரைஸ் சேர்த்தது மொத்தம் 22,895 கெஜம், அடுத்த இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டோ 17,492. இந்த இடைவெளியை எட்டவே இன்னொருவர் நான்கைந்து நல்ல சீசன் ஆட வேண்டும்!

இத்தனைக்கும் அவர் பெரிய வேகக்காரர் இல்லை. மிசிசிப்பியில் கொத்தனார் மகன், கோடை விடுமுறையில் அப்பாவோடு வேலைக்குப் போய், தம்பியோ அண்ணனோ தூக்கிப் போடும் செங்கலைச் சாரத்தில் நின்று பிடித்துப் பிடித்துத்தான் கை பழகியது என்று அவரே சொல்லியிருக்கிறார். சின்னக் கல்லூரி வேறு. அணிகள் வரிசையாகக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1985 டிராஃப்டில் சான்பிரான்சிஸ்கோ 49ர்ஸ் அணி எடுத்தபோது அவருக்கு முன்னால் 15 பேர் போய்விட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் தெரியுமே: மூன்று சூப்பர் பௌல் (சீசனின் இறுதிப் போட்டி) வெற்றி, அதில் 1989 ஜனவரியில் நடந்த ஆட்டத்தில் 11 கேட்ச், 215 கெஜம், ஆட்டநாயகன் விருது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2002. ரெய்டர்ஸ் அணிக்குப் போய், 40 வயதைத் தொட்ட அந்த சீசனிலும் 1,211 கெஜம் எடுத்தார். 2010இல், இந்த ஆட்டத்தின் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்துவிட்டார்கள்.